கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

2025 செப்டம்பர் 22 அன்று நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, குளியல் சோப்புக் கட்டிக்கு 18-லிருந்து 5. வரி விகிதத்தை டேட்டாபேஸின் ஐட்டம் டேபிளில் மட்டும் வைத்துவிட்டு, பில்லின் ஒவ்வொரு வரிசையிலும் ஐட்டம் எண்ணையும் அளவையும் மட்டும் சேமித்தவர்களுக்கு அன்றுதான் தலைவலி ஆரம்பம். ஆகஸ்டில் 1,120 ரூபாய்க்குப் போட்ட நெய் பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் 1,050 என்று வரும், சரக்கு திரும்பி வந்தால் எந்த விகிதத்தில் கழிப்பது என்று தெரியாது, ஏற்கெனவே தாக்கல் செய்த ரிட்டர்னோடும் ஒத்துப்போகாது. ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று கல்லூரியில் படித்ததுதான் பலரை இப்படி எழுத வைக்கிறது. ஆனால் இன்றைய விலையும் அன்று விற்ற விலையும் ஒரே தகவல் கிடையாது. விலை, வரி விகிதம், வரித்தொகை, எச்எஸ்என் (சரக்கை வகைப்படுத்தும் எண்) எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே பில்லின் அந்தந்த வரிசையில் போய் உட்கார வேண்டும். விகிதங்களுக்குத் தனி டேபிள், அதில் எந்தத் தேதி முதல் என்று காட்டும் ஒரு நெடுவரிசை, அவ்வளவுதான்.

பணத்தைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகையில் வைக்காதீர்கள், துல்லியமாக வைக்கும் டெசிமல் போடுங்கள். எச்எஸ்என் எண்ணை டெக்ஸ்டாக வையுங்கள், இல்லையென்றால் மஞ்சளின் 0910 எக்செல் வழியாக வரும்போதே 910 ஆகிவிடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் எழுத்துக் குறியாக்கத்தை வெறும் யுடிஎஃப்8 என்று விட்டால் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான், தமிழுக்கு அது போதும் என்பதால் சோதனையில் எல்லாம் நன்றாகவே தெரியும், அப்புறம் யாராவது பெயரோடு ஒரு எமோஜி சேர்க்கும் அன்று பிழை அடிக்கும். யுடிஎஃப்8எம்பி4 வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரிசெய்துவிடலாம். உண்மையான சிக்கல், முதலாளி சொன்னதை அப்படியே நம்பி எழுதுவது. "ஸ்டாக் மைனஸில் போகவே கூடாது தம்பி" என்பார், நீங்களும் டேட்டாபேஸிலேயே தடை போட்டுவிடுவீர்கள். ஆனால் கடையில் காலையில் லோடு இறங்கும், கொள்முதல் என்ட்ரி சாயங்காலம்தான் போடுவார்கள், நடுவில் சரக்கு விற்றுக்கொண்டிருக்கும். பில் ஏற மறுத்தால் கவுன்டரில் இருக்கும் பையன் வரிசையில் நிற்பவரிடம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டான், ஒரு கிலோ பாக்கெட்டுக்குப் பதில் இரண்டு அரைக் கிலோ பாக்கெட் என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பான். இப்போது இரண்டு ஐட்டத்தின் கணக்கும் கெட்டது. மைனஸை அனுமதித்து, ராத்திரி தனி ரிப்போர்ட்டில் காட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இது முதலாளியின் அறையில் உட்கார்ந்து பேசினால் தெரியாது, கூட்ட நேரத்தில் கவுன்டர் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும். "நாங்க கடனே கொடுக்கறதில்லை" என்று சொல்லும் கடையிலும் கல்லாவுக்குக் கீழே ஒரு பாக்கி நோட்டு இருக்கும்.

அடுத்து, பில்லை அழிக்க ஒரு பட்டன் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ரத்து என்று குறித்து, எண்ணை அப்படியே விடுங்கள். நீங்கள் எழுதித் தரும் கடை கம்பெனியாகப் பதிவானது என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் (எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு) கட்டாயம், அதை அணைக்கவும் வழி இருக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் ராத்திரி பத்து மணிக்கு வரும் "சின்ன மாற்றம்தான்" விஷயத்துக்கு உடனே சரி என்று பதில் போடாதீர்கள். எந்த டேபிள் மாறும், எத்தனை நாள், எவ்வளவு ரூபாய் என்று எழுதி அனுப்புங்கள். பாதி மாற்றங்கள் அதோடு நின்றுவிடும், மீதிக்குப் பணம் வரும்.