லாக்கரில் '1 மணி நேரம்' என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நம் வீடுகளில் ஆதாரம், பட்டயம், கரம் கட்டிய ரசீது எல்லாம் பழைய இரும்பு பீரோவில்தான் கிடக்கும். (ஆதாரம் என்றால் இங்கே நிலப் பத்திரம், பட்டயம் என்றால் பட்டா, கரம் என்றால் நில வரி. கோயம்புத்தூர்க் கடையில் நான் "ஆதாரம் வைக்கணும்" என்றதும் ஆதார் கார்டுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று சிரித்தார்கள்.) பீரோ வெறும் தகடு, தீப்பிடித்தால் உள்ளே இருப்பதை அடுப்பில் வைத்த மாதிரிதான். சரி, தீ தாங்கும் லாக்கர் வாங்கலாம் என்று போனால் கடைக்காரர் "1 மணி நேரம் தாங்கும் சார்" என்பார். எதைத் தாங்கும், உள்ளே எவ்வளவு சூடு ஏறும் என்று கேளுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் வகுத்த யூஎல் 72 சோதனையில் பெட்டியை உலைக்குள் வைத்துச் சூடேற்றுவார்கள், 1 மணி நேரம் முடியும்போது உலை 927 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கும், 2 மணி நேரச் சோதனை என்றால் 1010. 'கிளாஸ் 350' என்ற லேபிளில் உள்ள 350 ஃபாரன்ஹீட் கணக்கு, நம் கணக்கில் 177 டிகிரி. அதாவது வெளியே அத்தனை சூட்டிலும் உள்ளே 177-ஐத் தாண்டக் கூடாது. காகிதம் கருக அதைவிட அதிகச் சூடு வேண்டும், அதனால் பத்திரம் தப்பிக்கும். உலையை அணைத்த பிறகும் பெட்டியை உள்ளேயே ஆறவிட்டுப் பார்க்கிறார்கள், ஏனென்றால் சுவரில் ஊறிய சூடு அப்புறமும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். நிஜத் தீயிலும் இதே கதைதான், அணைந்ததும் ஆவலில் திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பது பற்றிக்கொள்ளலாம். நன்றாக ஆறட்டும்.

பென்டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் இதில் தப்பாது. அவற்றுக்கு 'கிளாஸ் 125' வேண்டும், அதாவது உள்ளே 52 டிகிரிக்குள், ஈரப்பதம் 80 சதவீதத்துக்குள். அது விலை அதிகம், வீட்டுக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். இன்னொரு காப்பி எடுத்து அக்கா வீட்டில் வைத்தால் போதும்.

ஐரோப்பியப் பெட்டி என்றால் ஈஎன் 1047-1 தரம், 'எஸ் 60 பி' என்று இருக்கும்: 60 நிமிடம், காகிதத்துக்கு. 'எல்எஃப்எஸ் 30 பி' என்றால் ஈஎன் 15659, அதைவிட லேசான தரம், 30 நிமிடம். தரத்தின் பெயரும் சோதித்தவர் லேபிளும் இல்லாமல் வெறும் '1 மணி நேரம்' என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் அது கடைக்காரர் வாக்கு, அவ்வளவுதான்.

எத்தனை மணி நேரம் எடுப்பது? தோப்புக்குள் வீடு, தீயணைப்பு வண்டி நுழைய வழி குறுகல் என்றால் 1 மணி நேரத்துக்குக் கீழே போகாதீர்கள். கொப்பரையும் மட்டையும் வீட்டோடு குவித்து வைப்பவர்கள் 2 மணி நேரமே பாருங்கள். ஓட்டு வீட்டில் மர மச்சு மேலே வைக்கவே கூடாது, மச்சு எரிந்தால் பெட்டி கீழே விழும். சில பெட்டிகளைச் சுட்டபின் 9 மீட்டர் உயரத்திலிருந்து போட்டும் சோதிக்கிறார்கள், ஆனால் அதை நம் வீட்டில் சோதித்துப் பார்ப்பானேன்?

திருடனுக்கான தரம் தனி. தீப் பெட்டகத்தின் தகடு மெல்லியதாக இருக்கலாம், சின்னது என்றால் தூக்கிக்கொண்டே போய்விடுவான். தரையோடு போல்ட் போடுங்கள், ஆனால் கம்பெனி விட்ட துளையில் மட்டும். நீங்களே புதிதாகத் துளைத்தால் சுவருக்குள் நிரப்பியிருக்கும் தீ தாங்கும் கலவை கெட்டுப்போகும்.

அந்தக் கலவையில் நீர் கலந்திருக்கும், சூட்டில் ஆவியாகித்தான் உள்ளே குளிர்ச்சி காக்கிறது. அதனால் சாதாரண நாளிலும் உள்ளே ஈரம் நிற்கும், ஆடி மழையில் கேட்கவே வேண்டாம். காகிதங்களை ஜிப் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அவ்வப்போது திறந்து காற்றாட விடுங்கள்.

இடம் போதவில்லை என்றால் பதிவான ஆதாரத்தை முதலில் உள்ளே திணிக்காதீர்கள், அதன் நகலை சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் பணம் கட்டி வாங்கலாம். பதியாத உயில், கடன் சீட்டு, தாத்தா பாட்டி கல்யாண போட்டோ, இவற்றுக்கு எந்த ஆபீசிலும் நகல் கிடையாது.