ஓடி ஓய்ந்த குதிரைக்கு முதுகு நோவு என்றால்

எங்கள் சுல்தான் நுவரெலியாவில் பந்தயம் ஓடிய குதிரை. இப்போது கொழும்புக்கு அருகே தலங்கமப் பக்கம் ஒரு லாயத்தில் நிற்கிறான். சேணம் வைக்கிற இடத்தில் அவனுடைய முள்ளந்தண்டின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசுவது எக்ஸ்றேயில் தெளிவாகத் தெரிந்தது. முற்றாகக் குணமாகிற வருத்தம் இல்லை, ஆனால் நோவைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம். அதற்கு முதல் வேலை, ஓய்வு என்ற பெயரில் அவனை உள்ளே கட்டிப் போடாமல் இருப்பது.

நின்றபடியே நின்றால் முதுகைத் தாங்கும் தசை வற்றிவிடும். வெயில் ஏற முதல் கையில் பிடித்து மெதுவாக நடத்துங்கள், பின்னேரம் காணியில் அவிழ்த்து விடுங்கள். பிள்ளைகள் "ஒரேயொரு சுற்று" என்று கெஞ்சினாலும் முதுகில் ஏற்ற வேண்டாம்.

புல்லை வலையில் கட்டித் தொங்கவிடாமல் நிலத்தில் போடுங்கள். தலை தாழும்போது பிடரியிலிருந்து ஓடும் பெரிய நார் இழுபட்டு முதுகு மேலெழும், உரசும் அந்த எலும்பு முனைகளுக்கு நடுவில் இடைவெளி கிடைக்கும்.

கரட் பயிற்சியைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். கரட்டை நீளவாக்கில் கீறி, முதலில் நெஞ்சுக்கு நேரே, பிறகு முன்னங்கால்களுக்கு நடுவே, பிறகு இரண்டு விலாப் பக்கமும் காட்டுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஐந்து விநாடி கழுத்தை வைத்திருக்கட்டும். சுல்தான் இடப்பக்கம் விலாவரை வருவான், வலப்பக்கம் தோளோடு நின்றுவிடுவான். நின்ற இடத்திலேயே கொடுத்துவிடுவேன், வற்புறுத்தமாட்டேன். முதுகுத்தண்டை ஒட்டிய ஆழத் தசைகள் இதனால்தான் பலக்கின்றன.

தீனியில் கவனம் வேண்டும். இங்கே சுலபமாகக் கிடைக்கும் கினிப்புல்லிலும் சி.ஓ.3 என்ற தீவனப் புல்லிலும் ஒக்சலேற்று என்ற உப்பு உண்டு. அது கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. அதோடு பொஸ்பரஸ் நிறைந்த தவிட்டையும் வாளி வாளியாகக் கொடுத்தால், உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். நடை கெடும், முகவெலும்பு புடைக்கும். நாம் பழைய முதுகு நோவு என்றே நினைத்துக்கொண்டிருப்போம். தவிட்டைக் குறையுங்கள், கல்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். கொழுக்கவும் விடாதீர்கள்.

கொழும்பு வெக்கையில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். உடம்பு காய்ந்திருக்க மூச்சு வாங்கினால் உடனே நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் முதுகில் பொருக்குத் தட்டினால் ஈரத்தோடு தேய்க்காமல் உலர விடுங்கள்.

பினைல்பியூட்டசோன் என்ற மருந்து நோவை நன்றாக அடக்கும். நீண்ட நாள் கொடுத்தால் வயிற்றிலும் குடலிலும் புண் வரும். ஆகவே வைத்தியர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது.

தினமும் உள்ளங்கையைத் தட்டையாக வைத்துப் பிடரியிலிருந்து இடுப்புவரை தடவுங்கள். தோல் துடித்து, முதுகு கீழே அமிழ்ந்து, காது பின்னால் மடிந்தால் அன்றைக்கு நடையைக் குறையுங்கள். படுத்தவன் எழும்பச் சிரமப்பட்டாலோ பின்னங்கால்கள் தடுமாறினாலோ காத்திருக்காமல் அப்போதே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.