பாண்டில ரெண்டு நாள்: மார்க்கெட்டும் கஃபேவும், முதல் தடவை குடும்பத்தோட போறவங்களுக்கு

நாங்க இருக்கறது கடலூர் மஞ்சக்குப்பம். பாண்டி இங்கேர்ந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர் தான் வரும், ஆனா இத்தனை வருஷமா நாங்க பாண்டி போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு, ஜவுளி எடுக்க, யாராவது கல்யாணத்துக்கு, காலைல போய் சாயங்காலம் திரும்பிடறது, அவ்ளோதான். இந்த காலாண்டு லீவுல தான் முதல் முறையா ஒரு ராத்திரி தங்கி ஊரை நிதானமா சுத்தினோம், நான், வீட்டுக்காரர், பதினொரு வயசு பையன், ஆறு வயசு பொண்ணு, கூட எங்க அத்தை. அத்தைக்கு முட்டி வலி உண்டு, பொண்ணுக்கு பசி வந்தா உடனே அழுகை, ஸோ இந்த பிளான் வேலை செஞ்சா உங்க வீட்டுக்கும் வேலை செய்யும்னு நம்பி எழுதறேன்.

பாண்டின்னா வெள்ளைக்காரங்க தெரு, மஞ்ச சுவரு, அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ, இதோட முடிச்சிடாதீங்க. மார்க்கெட்டையும் கஃபேவையும் மாத்தி மாத்தி பாருங்க. மார்க்கெட்ல பெரியவங்க தான் நமக்கு வழி சொல்லுவாங்க, கஃபேல பசங்க மெனுவ படிச்சு நமக்கு சொல்லுவாங்க, ரெண்டு பக்கமும் யாரும் சும்மா கூட வந்தவங்களா உக்காந்திருக்க மாட்டாங்க. அதான் எனக்கு ரொம்ப பிடிச்சுது.

ஸ்டெப் 1: சனி வேணாம், ஞாயிறு கிளம்புங்க

எல்லாரும் சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவாங்க, சென்னை பெங்களூர் வண்டியெல்லாம் அன்னிக்கு தான் வரும், ரூம் வாடகை ஏறும், கஃபேல இடம் கிடைக்காது. நீங்க ஞாயித்துக்கிழமை காலைல போங்க, திங்கள் மதியம் திரும்புங்க. சண்டே மார்க்கெட் ஞாயிறு மட்டும் தான், அது கிடைச்சிடும். கூட்டம் ஊருக்கு திரும்பற நேரத்துல நீங்க ரூம் எடுக்கறீங்க, அதனால வாடகையும் குறையுது. திங்கள் காலைல பெரிய மார்க்கெட் நிதானமா இருக்கும். ஒரே ஒரு விஷயம், சில கஃபேங்களுக்கு திங்களோ செவ்வாயோ வார லீவு இருக்கு, போறதுக்கு முன்னாடி போன் போட்டு கேட்டுடுங்க. மியூசியமும் திங்கள் லீவு, அது வேணும்னா ஞாயிறே பார்த்துடணும்.

ஸ்டெப் 2: ஊரோட அமைப்ப மனசுல போட்டுக்குங்க

இத ஒரு தடவை புரிஞ்சிக்கிட்டா ரெண்டு நாளும் மேப் பாக்க வேண்டியதே இல்ல. பழைய பாண்டி ஒரு முட்டை வடிவம். கிழக்க பீச் ரோடு, மேற்க அண்ணா சாலை, வடக்க பட்டேல் சாலை, தெக்க ரயில் ஸ்டேஷன் பக்கம் சுப்பையா சாலை. உள்ள இருக்கற வீதியெல்லாம் சதுரங்க கட்டம் மாதிரி நேர்நேரா போகும் (நம்ம ஊர்ல தெரு, அங்க வீதி, அப்படி தான் சொல்லுவாங்க). நடுவுல வடக்கு தெற்கா ஒரு பெரிய வாய்க்கால், அதுக்கு கிழக்க கடல் பக்கம் பிரெஞ்சுக்காரங்க இருந்த பகுதி, மேற்க தமிழர் பகுதி. கஃபே அதிகம் வாய்க்காலுக்கு கடல் பக்கம், மார்க்கெட் எல்லாம் தமிழர் பக்கம். பாக்க வேண்டியது முக்கால்வாசி நடந்தே போற தூரத்துல தான் இருக்கு.

ரூம் எடுக்கறதுன்னா நேரு வீதி, மிஷன் வீதி பக்கம் எடுங்க. கடல் பாத்த ரூம் ஆசை எல்லாருக்கும் இருக்கும், ஆனா வயசானவங்க இருந்தா மதியம் ரூமுக்கு வந்து படுக்க வேண்டி வரும், ரெண்டு பகுதிக்கும் நடுவுல இருந்தா அது சுலபம். ஆசிரம விடுதிங்க சுத்தமா இருக்கும், ஆனா சிலதுல ராத்திரி கேட் பூட்டற நேரம் உண்டு, மதுவுக்கு இடமில்ல, அத முன்னாடியே கேட்டுக்குங்க.

கடலூர்லேர்ந்து பஸ் வந்துக்கிட்டே இருக்கும், முள்ளோடை வந்தா பாண்டி எல்லை, அரியாங்குப்பம் முதலியார்பேட்டை வழியா ஊருக்குள்ள வந்துடலாம். பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து ஆட்டோன்னா ஏறறதுக்கு முன்னாடியே ரேட்டு பேசிடுங்க, நாங்க பேசாம ஏறி இறங்கும்போது கேட்ட காசுக்கு நடு ரோட்ல வாக்குவாதம், பசங்க முகமே வாடிப்போச்சு. டெம்போன்னு சொல்ற ஷேர் ஆட்டோவும் ஓடுது.

ஸ்டெப் 3: ஞாயிறு மதியம், கஃபே

வெயில் உச்சத்துல மார்க்கெட் போகாதீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் தான் கஃபேக்கான நேரம். பழைய வீட்ட அப்படியே கஃபேவா வெச்சிருக்கறது நிறைய, நடு முற்றம், உயரமான கூரை, மரத்தடில மேஜை, அங்க உக்காந்தாலே உடம்பு குளுந்துடும்.

முதல் தடவை போறவங்களுக்கு மெனு தான் பயம், எனக்கும் இருந்துச்சு. எஸ்ப்ரெஸோன்னா சின்ன கப்ல வர்ற கெட்டி டிகாக்ஷன், பால் கிடையாது, கசக்கும். கப்புசினோன்னா பாலும் மேல கெட்டியா நுரையும். லாட்டேன்னா பால் இன்னும் அதிகம். கஃபே ஓ லேன்னு போட்டிருந்தா அது டிகாக்ஷன்ல சூடா பால் ஊத்தினது, நம்ம வீட்டு காபிக்கு கிட்ட வர்றது அது தான், பெரியவங்களுக்கு அத சொல்லுங்க, சர்க்கரை தனியா தருவாங்க. க்ரேப்ன்னா மைதா, முட்டை, பால் கரைச்சு ஊத்தின மெல்லிசு தோசை, உள்ள சாக்லேட்டோ வாழைப்பழமோ வெச்சு மடிச்சு தருவாங்க, பசங்களுக்கு இது ஒண்ணு போதும். கீஷ்ன்னா மாவுல செஞ்ச ஓட்டுக்குள்ள முட்டையும் கிரீமும் ஊத்தி அவன்ல சுட்டது. சைவம்னா ஒவ்வொண்ணுக்கும் முட்டை இருக்கான்னு வாய்விட்டு கேளுங்க, கேக்குல மட்டும் இல்ல, நிறைய அயிட்டத்துல இருக்கும், பச்சை புள்ளி பாத்து மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. மெனு விலைக்கு மேல வரி வருமான்னும் பாத்துக்குங்க.

ஆர்டர அளவா குடுங்க. அஞ்சு பேருக்கு மூணு பிளேட் சொன்னோம், பகிர்ந்து சாப்பிட்டோம், தேவைப்பட்டா திரும்ப சொல்லிக்கலாம். ஒரு இடத்துல ஒரே நேரத்துல எல்லாத்தையும் சொல்லி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், பொண்ணு பசில அழ ஆரம்பிச்சுட்டா, அதனால ஃபர்ஸ்ட் சட்டுனு வர்றது எதுன்னு கேட்டு அத பசங்களுக்கு சொல்லிடுங்க.

கஃபேன்னா காஸ்ட்லியா தான் இருக்கணும்னு இல்ல. நேரு வீதில இந்தியன் காபி ஹவுஸ் இருக்கு, தொழிலாளர் கூட்டுறவு சங்கம் நடத்தற காபி ஹவுஸ் வரிசைல ஒண்ணு. ரெண்டு விதத்தையும் பசங்களுக்கு காட்டுங்க.

ஸ்டெப் 4: ஞாயிறு சாயங்காலம், சண்டே மார்க்கெட்

நாலரை மணிக்கு காந்தி வீதிக்கு போங்க. அஜந்தா சிக்னல் பக்கத்துலேர்ந்து நடக்க ஆரம்பிச்சா ரோட்டோட ரெண்டு பக்கமும் தார்பாய் போட்டு துணி, செருப்பு, பாத்திரம், பொம்மை, பழைய புஸ்தகம்னு கொட்டி வெச்சிருப்பாங்க.

துணில முதல்ல தையல உள்பக்கம் திருப்பி பாருங்க, அப்புறம் ஈர விரலால ஓரத்துல தேய்ச்சு சாயம் ஒட்டுதான்னு பாருங்க, ஜிப்ப ரெண்டு தடவை இழுங்க. திருப்பி தர வழி கிடையாது, அங்கயே பாத்துக்கணும். பேரம் பேசறப்போ முகம் சுளிக்காதீங்க, நாள் முழுக்க வெயில்ல நிக்கறவங்க அவங்க, உங்களுக்கு கட்டுப்படியாகற விலைய சிரிச்சு சொல்லுங்க, வந்தா வாங்குங்க, இல்லன்னா நகர்ந்துடுங்க. பையனுக்கு இருநூறு ரூபா கைல குடுத்து நீயே வாங்கிக்கோன்னு விட்டோம், ஒரு மணி நேரம் சுத்தி ஒரு பழைய அட்லஸும் ஒரு தொப்பியும் வாங்கினான், மீதி நாப்பது ரூபாய எண்ணி குடுத்தான்.

சின்ன பசங்க பாக்கெட்ல உங்க போன் நம்பர் எழுதின சீட்டு வெச்சிடுங்க. கூட்டம் நெருக்கும், பர்ஸ முன்னாடி வெச்சுக்குங்க. பத்து இருபது ரூபா நோட்டா மாத்தி வெச்சிருந்தா நல்லது, போன்ல காசு அனுப்பலாம்னா சிக்னல் சுத்திக்கிட்டே நிக்கும்.

ஆறு மணிக்கு மேல பீச் ரோட்ல வண்டிய விட மாட்டாங்க, மறுநாள் காலை ஏழரை வரைக்கும் நடக்கறவங்களுக்கு மட்டும் தான். பசங்கள கைய விட்டு ஓட விடலாம். காந்தி சிலைய சுத்தி நிக்குதே அந்த கல் தூண்கள், அதெல்லாம் செஞ்சிலேர்ந்து வந்தது. அத்தை அங்க உக்காந்து சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே ஒவ்வொரு தூணா பாத்தாங்க, அவங்க பொறந்த ஊரு செஞ்சி பக்கம்.

ஸ்டெப் 5: திங்கள் காலை, பெரிய மார்க்கெட்

இதுக்காக தான் இந்த பதிவே.

ஆறு மணிக்கு எழுந்து முடிஞ்சா பீச் ரோட்ல ஒரு நடை, பழைய துறைமுக ஆபிஸ் கட்டடத்துல கடல ஒட்டி இருக்கற லே கஃபேல ஒரு காபி, ஏழரைக்கு எல்லாம் பெரிய மார்க்கெட். போர்டுல குபேர் மார்க்கெட்னு இருக்கும், எதுவார் குபேர் பாண்டிச்சேரியோட முதல் முதலமைச்சர், பீச் ரோட்டுக்கும் அவர் பேரு தான், ஆனா ஆட்டோக்காரர்கிட்ட பெரிய மார்க்கெட், பீச் ரோடுன்னு சொன்னா தான் சட்டுனு புரியும். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவுல இருக்கு, எந்தப்பக்கமும் நுழையலாம்.

பூவுலேர்ந்து ஆரம்பிங்க, மீன கடைசியா வைங்க, ஏன்னா மீன் பக்கம் தரை ஈரம், அந்த செருப்போட மத்த இடம் சுத்த முடியாது. வழுக்காத செருப்பு போடுங்க, புடவைய கொஞ்சம் தூக்கி சொருகிக்குங்க. பூ, பழம், காய், மளிகை, வாழை இலைன்னு சந்து சந்தா போகும். காலைல தலைச்சுமையும் தள்ளுவண்டியும் வந்துக்கிட்டே இருக்கும், அவங்களுக்கு வழி விட்டு ஓரமா நின்னு பாருங்க, போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க, அது அவங்க வேலை செய்யற இடம்.

மீன் பக்கம் வந்ததும் அத்தை முன்னாடி போயிட்டாங்க. பேரப்பசங்க ரெண்டு பேரையும் குனிய சொல்லி ஒரு சங்கராவோட செவுள விரலால தூக்கி காட்டினாங்க, உள்ள நல்ல சிவப்பு. பாத்தியா, இது இப்படி இருக்கணும், வெளுத்திருந்தா பழசு. அப்புறம் பொண்ணோட விரல புடிச்சு மீன் மேல அழுத்த வெச்சாங்க, பள்ளம் விழுந்து உடனே மேல வந்துச்சு, அதுவும் நல்ல மீனுக்கு அடையாளம், பள்ளம் அப்படியே நின்னா வாங்கக்கூடாது. கண்ணு தெளிவா கொஞ்சம் துருத்திக்கிட்டு இருக்கணும். எதிர்ல இருந்த மீன்கார அம்மா இத பாத்துட்டு எந்த ஊருன்னு கேட்டாங்க, கடலூர்னதும் சிரிச்சாங்க, முதுநகர்லயே துறைமுகம் இருக்கே, இங்க வந்து மீன் பாக்கறீங்களேன்னு. அப்புறம் பத்து நிமிஷம் ரெண்டு பேரும் வஞ்சிரம் விலை, நெத்திலி வரத்துன்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. அந்தம்மா அரிவாள்மணைல சாம்பல தொட்டு தொட்டு வழுக்காம மீன் ஆஞ்ச வேகத்த என் பையன் வாயத் திறந்து பாத்துக்கிட்டு நின்னான். எவ்ளோ பெரிய கஃபே போனாலும் அந்த பத்து நிமிஷம் கிடைக்காது.

மீன் வாங்கி ஊருக்கு எடுத்துட்டு போறதுன்னா தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வேணும், கிளம்பறதுக்கு சரியா முன்னாடி வாங்குங்க. எங்களுக்கு அது தேவைப்படல, பூவும் வாழைப்பூவும் மசாலா சாமானும் வாங்கினோம்.

வெளிய ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் ஆனந்தரங்கப்பிள்ளையோட பழைய வீடு இருக்கு. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வியாபார இடைத்தரகருமா இருந்தவர், 1736லேர்ந்து 1761 வரைக்கும் தமிழ்ல நாட்குறிப்பு எழுதினவர், அதுல கப்பல் வந்தது, சரக்கு வந்தது, யார் யாருக்கு சண்டைன்னு எல்லாம் வரும். மார்க்கெட்ட பாத்துட்டு வந்த சூட்டோட பையனுக்கு இத சொன்னா மண்டைல ஏறுது, ஸ்கூல்ல சொன்னப்போ ஏறல.

ஸ்டெப் 6: கிளம்பறதுக்கு முன்னாடி, ரொட்டி

மார்க்கெட் முடிஞ்ச கையோட பேக்கரி. குரோசான்ட் காலைல தான் சாப்பிடணும். மாவுக்கு நடுவுல வெண்ணெய வெச்சு மடிச்சு மடிச்சு தேய்ச்சு பேக் பண்றது அது, கடல் காத்து ஈரத்துல மதியத்துக்குள்ள மொறுமொறுப்பு போயிடும். புஸ்ஸி வீதில பேக்கர் ஸ்ட்ரீட் பேரு தெரிஞ்ச கடை, மிஷன் வீதி சுத்து வட்டாரத்துலயும் நிறைய இருக்கு. அத்தை குரோசான்ட்ட பிச்சு காபில முக்கி சாப்பிட்டாங்க, நான் பசங்கள பாத்து சிரிக்காதீங்கன்னு கண்ணால சொன்னேன், அப்புறம் தான் தெரிஞ்சுது பிரான்ஸ்லயே அப்படி தான் சாப்பிடுவாங்களாம். டிசம்பர்ல போனீங்கன்னா விவிக்கம் கேக் கிடைக்குதான்னு விசாரிங்க, ரவை, நெய், ரம்முல ஊறின பழம் போட்டு பாண்டி கிறிஸ்தவங்க வீட்ல கிறிஸ்மஸுக்கு செய்யற கேக்.

நீள ரொட்டி, அதான் பகெட், ரெண்டு வாங்கிக்குங்க. பிளாஸ்டிக் கவர்ல கட்டாதீங்க, ஆவி வெளிய போக முடியாம மேல் தோல் தொளதொளன்னு ஆயிடும், பேப்பர் கவரோ துணிப்பையோ போதும். மறுநாள் அது கல்லு மாதிரி ஆயிட்டா தூக்கி போடாதீங்க. மேல லேசா தண்ணி தெளிச்சு, தோசைக்கல்ல சூடாக்கி, ரொட்டிய வெச்சு மேல ஒரு மூடி போட்டு சிறு தீயில மூணு நாலு நிமிஷம் விடுங்க, திருப்பி போட்டு மூடி இல்லாம ஒரு நிமிஷம். வெளிய மொறுமொறுன்னும் உள்ள பஞ்சு மாதிரியும் திரும்ப வந்துடும். நாங்க செவ்வாய்க்கிழமை காலைல அப்படி சுட்டு, அத்தை முதுநகர்லேர்ந்து வரவழைச்ச சங்கரா குழம்புல தொட்டு சாப்பிட்டோம்.