மாட்டு ட்ரெய்லர் தரை அரிச்சதும் நான் செய்த வேலையும்

வத்தளையில மாடு ஏத்த எடுத்த பழைய அலுமினிய ட்ரெய்லர், வெளியால பளபளப்பு, ஆனா ரப்பர் மேட்டைத் தூக்கினா மூத்திரம் தேங்கின இடமெல்லாம் வெள்ளையாப் பூத்து, ஸ்க்ரூட்ரைவரால குத்தினா உள்ள இறங்குது. ஆகக் கூடுதலா அரிச்சிருந்தது இரும்பு போல்ட்டைச் சுத்தித்தான், ரெண்டு உலோகமும் ஈரத்தில முட்டினா அலுமினியம்தான் கரையும், கொழும்பு உப்புக்காத்துக்கு கேக்கவே வேணாம். கெட்ட தகட்டை வெட்டிப்போட்டு, அலுமினியம் ஒட்டுற டிக் (TIG) வெல்டிங் தெரிஞ்ச வேலைக்கார பாஸ் ஒருத்தரைப் பிடிச்சு (அதுதான் பெரிய வேலை) புதுத் தகடு ஒட்டுவிச்சு, கொழும்பில பார்ட்ஸ் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில ஸ்டெயின்லெஸ் போல்ட்டும், அது அலுமினியத்தில முட்டாம இருக்க நைலோன் வாஷரும் எடுத்துப் போட்டன். வெல்ட் பக்கத்தில அலுமினியம் பலம் குறையும், அதால பழைய ட்ரெய்லர் வாங்குறதுக்கு முதல் குறுக்குச் சட்டம் சேர்ற மூலையில வெடிப்பு இருக்கா எண்டு டோர்ச் அடிச்சுப் பாருங்க, அங்க மட்டும் புதுப் பெயின்ட் எண்டா விலையே பேசாதீங்க. இப்ப ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் மேட்டைத் தூக்கிக் கழுவுறம், பெடியன் முணுமுணுப்பான்தான்.