அப்பாவின் கார்டில் போன பணம் திரும்பி வந்தது
தக்கலையில் இருக்கும் அப்பாவின் டெபிட் கார்டிலிருந்து டாலரில் பணம் போனதாக மெசேஜ் வந்தது, ஓடிபியே வரவில்லை. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அது கேட்பதில்லை, கார்டு எண்ணும் காலாவதி தேதியும் சிவிவியும் (கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்) கிடைத்தால் போதும். உடனே ஆப்பில் கார்டை பிளாக் செய்தேன், அப்புறம் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணோடு வங்கியின் நாகர்கோவில் கிளைக்குப் போனேன். "ஓடிபி இல்லாம பணம் போகாதே" என்றார்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, நம் பக்கமும் வங்கி பக்கமும் தவறில்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் நம்முடையதல்ல, 10 வேலை நாளுக்குள் பணத்தை வரவு வைக்க வேண்டும். இதையே எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கினேன், வாய்ப்பேச்சை நம்பி வந்துவிடாதீர்கள். பணம் வந்தது. புது கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்கவே இல்லை, ஆன்லைன் மட்டும் தேவைப்படும்போது ஆப்பில் திறந்து உடனே மூடிவிடுகிறோம்.