தொடைவலியும் கொழுப்புக் குளிசையும்

கொழுப்பைக் குறைக்க அட்டோவஸ்டற்றின் குளிசை 40 மில்லிகிராம் தொடங்கி மூன்றாம் கிழமை, திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிள் மிதிக்கவே இரண்டு தொடையும் கடுத்தது. குந்தினால் எழும்பச் சுவர் வேண்டும். வயசுதான் என்று நல்லெண்ணெய் பூசினேன், வீண். மனுசிதான் குளிசை அட்டையைத் தூக்கிக் காட்டி, "இதைப் போடத் தொடங்கின பிறகுதானேப்பா?" என்றா.

நானாக நிறுத்தாமல் கிளினிக்குப் போனேன். வைத்தியர் முதலில் கேட்டது, சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போகிறதா என்று; தசை கடுமையாகப் பழுதானால் அப்படிப் போகுமாம். எனக்கு இல்லை. இரத்தத்தில் சீ.கே.யும் (தசை பழுதானால் கூடுகிற நொதியம்) தைரொயிட்டும் பார்த்தார்; சீ.கே. கொஞ்சம்தான் கூட. அவர் சொல்லி இரண்டு கிழமை நிறுத்தினேன், வலி அடங்கியது. பிறகு அதே வகையில் வேறொரு குளிசை, ரொசுவஸ்டற்றின் 5 மில்லிகிராம். நாலு மாதத்தில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 162இலிருந்து 98. ஆட்டிறைச்சிக் கறியைத்தான் இன்னும் விட முடியவில்லை. சைக்கிள் ஓடுகிறது.