நாலு சில்லும் இழுக்கிற காரை ட்ராக்கில வளைக்கிறது எப்பிடி

வன்னியில இருந்து கட்டுக்குருந்தை ரேஸ் ட்ராக்குக்கு கார் கொண்டுபோக யோசிக்கிற தம்பியவைக்குத்தான் இது. சுபாரு எஸ்டிஐ, மிட்சுபிசி எவோ மாதிரிக் காருக்கு நாலு சில்லும் இழுக்குது, எந்த வளைவிலயும் விட்டடிக்கலாம் எண்டு கனபேர் நினைக்கினம், இழுவை வேற பிடிமானம் வேற, பிரேக் அடிக்கேக்க அது பெரிசா உதவாது, அங்க டயர்தான் எல்லாம்.

சுபாருவில இஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால இருக்கிறதால மூக்கு பாரம், வேகமா உள்ளிட்டா ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப கார் வெளியாலதான் போகும். அப்ப இன்னும் திருப்பாதேங்கோ, கொஞ்சம் நேராக்கி அக்சிலேட்டரில இருந்து காலை மெல்ல எடுங்கோ, முன் டயர் திரும்பப் பிடிக்கும். டக்கெண்டு எடுத்தா பின்பக்கம் வீசும், கிளிநொச்சி உள்றோட்டுக் கிறவல்ல ஓடினாக்களுக்கு அந்த வீச்சுத் தெரியும். (ஏ9இல பழகாதேங்கோ, மாடு குறுக்க வரும்.)

நேரா நிக்கேக்க பிரேக்கை இறுக்கி அடிச்சு, திருப்பத் தொடங்கேக்க கொஞ்சம் கொஞ்சமா விட்டு, மூக்கு வளைவின்ர வெளிவாயைப் பாக்கும்மட்டும் பொறுங்கோ, பாத்த உடன அக்சிலேட்டரை அமத்துங்கோ, இந்தக் காரின்ர சுகமே அங்கதான். எஸ்டிஐயில சென்டர் டிஃபை (முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிற சாமான்) லொக் பக்கம் திருப்பினா வளையப் பஞ்சிப்படும், திறந்து விட்டா மூக்கு நல்லாத் திரும்பும். எவோ எண்டா டார்மாக் மோட், அதாவது தார் றோட்டுக்கான செட்டிங்கில போடுங்கோ.

ஓடி வந்தோடன டயர் சூட்டோடயே காத்தமுக்கத்தைப் பாருங்கோ. முன் டயரின்ர வெளி ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா ஒண்டில் உள்ளிடுற வேகம் கூட, இல்லாட்டி கம்பர் (சில்லின்ர மேல்பக்கம் உள்ளுக்குச் சரிஞ்சு நிக்கிற அளவு) காணாது. ஹாண்ட்பிரேக் இழுக்காதேங்கோ, பிரேக் ஆறும்வரை கியரில விட்டு சில்லுக்குக் கல்லு வையுங்கோ.